குழந்தைகளின் சிறுநீர்ப்பை மிகையியக்கம்: கருத்து வளர்ந்த வரலாறு

தமிழில் 'அடக்கம்' என்பது ஓர் அறப்பண்பின் பெயர். 'சிறுநீரை அடக்குதல்' என்னும் வழக்கிலோ அவ்வினை ஓர் உடற்செயலைச் சுட்டும். இலத்தீனிலும் 'இன்கான்டினென்சியா' என்னும் ஒரே சொல் தன்னடக்கமின்மையையும் சிறுநீர் அடங்காமையையும் உணர்த்தியது. உறுப்பின் கோளாறு குழந்தையின் குணக்கேடாகக் கொள்ளப்பட்டதற்கு இச்சொல்லொற்றுமையும் ஓரளவு துணைசெய்திருக்கலாம் என்று கருதுகிறோம்.

பழைய மருத்துவ நூலார் அனைவரும் அவ்வாறு பிழைபட்டனர் என்பதற்கில்லை. 16-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தாமசு பேயர் என்பார் ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவம் பற்றித் தனிநூல் எழுதினார். வர்ஜிலின் 'ஈனியட்' காப்பியத்தின் பெரும்பகுதியை ஆங்கிலப்படுத்தியவரும் இவரே. உறக்கத்திலும் விழிப்பிலும் குழந்தையின் விருப்பத்திற்கு மாறாகவே நீர் கழிகின்றது என்பதும், நீரைத் தாங்கிநிற்கும் ஆற்றலின் தளர்ச்சியே அதற்குக் காரணம் என்பதும் அவர் கொள்கை. அவர் கூறும் மருந்துகள், சேவலின் மிடற்றுக்குழல் முதலியன, இன்று நகைப்பை விளைக்கும். வேகவைத்த எலியை உணவிற் சேர்க்கச் சொன்ன பிளினியை நோக்க இவர் எவ்வளவோ மேல்! மருந்து தவறினும் குழந்தையைக் குற்றவாளியாக்காமை இவர்தம் சிறப்பாகும்.

பிரெஞ்சு மருத்துவர் துரூசோ (1801-1867) இத்தளர்ச்சிக் கொள்கையைத் தலைகீழாக்கினார். படுக்கை நனைக்கும் குழந்தைகள் பலரிடம் சிறுநீர்ப்பையின் தசை தளர்ந்திருக்கவில்லை. மாறாக, மிகை எழுச்சியுற்றுச் சிறிது நீர் சேர்ந்ததுமே சுருங்குகின்றது என்றார். ஆகவே வலுவூட்டும் மருந்தை விடுத்து, தசையை அமைதிப்படுத்தும் பெல்லடோனாவை இரவில் சிற்றளவில் கொடுத்தார். படுக்கை நனைத்தல் யாவும் இக்காரணத்தால் நிகழ்வதன்று. இரவில் நீர் மிகுதியாகச் சுரத்தலும் நிரம்பிய பை உறக்கத்தைக் கலைக்காமையும் காரணங்களாதலை இன்று அறிவோம். எனினும் 'மிகையியக்கம்' என்னும் இக்காலக் கருத்தின் வித்து துரூசோவிடம் உளது. பெல்லடோனாவிலுள்ள அட்ரோபின், நரம்பு தசைக்கு விடுக்கும் அசிட்டைல்கோலின் தூண்டலைத் தடுக்கின்றது; இன்றைய ஆக்சிபியூட்டினினும் அவ்வழியே செயற்படுவதாகும்.

1966-இல் வின்சென்ட் என்னும் மருத்துவர் வெளியிட்ட குறிப்பொன்று இவ்வரலாற்றில் தனித்து நோக்கற்பாலது. சிறுமியர் சிலர் விளையாட்டினிடையே திடீரெனக் குந்தி, குதிகாலைத் தொடைகளின் நடுவே அழுத்தி அசையாதிருப்பர். மேனாட்டுப் பெண்டிர் முழங்கால் மடக்கிச் செய்யும் வணக்கத்தை அது ஒத்திருத்தலின் அப்பெயரே அவ்வடையாளத்திற்கு இடப்பட்டது. காண்போர் அதனைக் குறும்பென்றோ சோம்பலென்றோ எண்ணலாம். உண்மையில், காலமல்லாக் காலத்தில் சுருங்கும் பையோடு அக்குழந்தை தன் முழுவலிமையுங் கொண்டு போராடுகின்றது. அடக்கமின்மை என்று பெயர் பெற்ற நோயில் அடக்குதற்கான இத்துணை முயற்சி காணப்படுகின்றது!

குழந்தைகளின் சிறுநீர் அடக்கம் பற்றி ஆராயும் பன்னாட்டுக் கழகம் 2006-இல் கலைச்சொற்களை வரையறுத்தபோது, திடீரென முட்டும் உணர்வையே இந்நோயின் தலையாய குறியாகக் கொண்டது. இக்கால மருத்துவமும் மருந்தில் தொடங்குவதில்லை. சிறுநீர்த் தொற்று இன்மையைத் தெளிந்தபின், இரண்டு மூன்று மணிக்கொருமுறை முட்டுமுன்னரே நீர் கழிக்கப் பழக்குதல், நீரருந்துதலைப் பகல் முழுதும் பரவச்செய்தல், மலச்சிக்கலை நீக்குதல் ஆகியன முதற்கண் செய்யப்படுகின்றன. மலம் தங்கிய குடல் அண்மையிலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்திக் கிளர்ச்சியூட்டும். ஆக்சிபியூட்டினினோ வாயை உலர்த்துவதோடு மலச்சிக்கலையும் உண்டாக்க வல்லது. ஆதலின் மருந்து தொடங்கிய பின்னரும் குடலின் நிலையை மருத்துவர் உசாவிக்கொண்டே இருத்தல் வேண்டும்.