கைரேகை சரி, ஆபரேஷன்?

பேங்கில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியாகிவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கணக்கில் தில்லுமுல்லு என்று தெரிந்தால், யார் செய்தது என்று பார்ப்பதற்கு முன்னால் பணம் எந்த வழியாகப் போனது என்று பார்ப்போம். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டின் சரித்திரத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் என்ன என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இ.எஸ்.ஐ. பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த நம்மவர்களுக்கு மோகன்நகர் ஆஸ்பத்திரி நன்றாகத் தெரிந்திருக்கும். 1943-ல் பேராசிரியர் அடார்க்கரிடம் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுக்கு ஒரு திட்டம் போடச் சொன்னது அரசு. 1944-ல் அறிக்கை, 1948-ல் சட்டம், 24 பிப்ரவரி 1952-ல் கான்பூரில் நேரு துவக்கி வைத்தார். முதல் கௌரவக் காப்பீட்டாளரும் அவரேதான்! அதே நாளில் டெல்லியிலும் ஆரம்பம்.

இதில் தொழிலாளியின் கைக்கு ரொக்கம் வரும். இன்றைய விதிப்படி நோய்விடுப்பில் இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. பணம் அவன் கைக்குப் போவதால் சந்தேகமும் அவன் மேலேயே. "காய்ச்சல்னு சீட்டு வாங்கிட்டு ஊருக்குப் போயிடுவான்" என்ற பயம். அதனால் டாக்டர் சர்டிபிகேட், அதைச் சரிபார்க்க இன்னொரு மெடிக்கல் ரெஃப்ரி, முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஒரு ஆபரேஷன் கூடுதலாகச் செய்தால் அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அதனால் அங்கே வரும் புகார்கள் வேறு மாதிரி... கியூ, மருந்து இல்லை, "நாளைக்கு வா".

என்னைக் கேட்டால் இ.எஸ்.ஐ.யின் பெரிய ஓட்டை முதலாளி பக்கம். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டுவிடுவது. அதை நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டம் 405-ல் விளக்கமாகவே சேர்க்க வேண்டி வந்தது, 1975-ல். (பி.காம். படித்தவர்களுக்குப் பரிட்சையில் வந்திருக்கும்!) இருந்தாலும் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. 2019 ஜூலையில் மொத்தச் சந்தா 6.5-லிருந்து 4 சதவீதமானது. அதில் தொழிலாளி பங்கு 0.75. சம்பளச் சீட்டில் அந்த வரியை அவன் பார்க்கிறான். கட்டவில்லை என்றால் சண்டை போடுகிறான்.

2007-க்குப் பிறகு பணத்தின் வழியே மாறிவிட்டது. அந்த வருடம் ஆந்திராவில் ஆரோக்யஸ்ரீ. 2008-ல் மத்திய அரசின் ஆர்.எஸ்.பி.ஒய். 2009-ல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டம். அதே 2012 ஜூலையில் மகாராஷ்டிராவில் ராஜீவ் காந்தி ஜீவன்தாயி திட்டம், எட்டு மாவட்டங்களில் ஆரம்பித்து 2013 நவம்பரில் புனேக்கும் வந்து சேர்ந்தது. இப்போது அதன் பெயர் மகாத்மா ஜோதிபா புலே திட்டம்.

இவற்றில் ஏழையின் கைக்கு ஒரு ரூபாய்கூட ரொக்கமாக வராது (பஸ் சார்ஜ் தவிர). வரிப்பணம் அரசிடமிருந்தோ இன்சூரன்ஸ் கம்பெனி வழியாகவோ ஆஸ்பத்திரிக்குப் போகும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று. ஆனால் பூட்டு போட்டது என்னவோ பழைய வாசலில்தான்! ஆர்.எஸ்.பி.ஒய்.யில் 30 ரூபாய் கட்டினால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய்க்கு ஸ்மார்ட் கார்டு. போட்டோ, கைரேகை எல்லாம் உண்டு. ஆள் மாறாட்டம் நடக்காது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

ஆள் மாறவில்லை. 2012-ல் பீகாரின் சமஸ்திபூரிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் செய்தி வந்தது. இந்தக் கார்டை வைத்து, வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று வந்த ஏழைப் பெண்களுக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அவர்களில் இளம் வயதுப் பெண்களும் உண்டு. கார்டில் உள்ள கைரேகை, வந்தது அதே பெண்தான் என்று நிரூபிக்கும். அவளுக்கு அந்த ஆபரேஷன் வேண்டுமா என்று அதற்கு எப்படித் தெரியும்? 2013-ல் ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். பத்து வருடம்.

இதற்கிடையில் 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு 5 லட்சம். இம்முறை மோசடியைப் பிடிக்கத் தனிப் பிரிவே வைத்தார்கள், கம்ப்யூட்டர் அலசல் எல்லாம் உண்டு. அப்புறம் 2023 ஆகஸ்டில் சி.ஏ.ஜி. அறிக்கை வந்தது. 9999999999 என்ற ஒரே மொபைல் நம்பரில் 7,49,820 பயனாளிகள். தமிழ்நாட்டில் ஏழே ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இறந்துபோனதாக ஏற்கனவே பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய்.

அரசு சொன்ன பதில்: பயனாளியை உறுதி செய்ய மொபைல் நம்பர் தேவையில்லை. சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேங்க்காரன் புத்தி வேறு இடத்துக்குப் போகிறது. எங்களிடம் மோசடியை முதலில் கண்டுபிடிப்பது யார் தெரியுமா? பல நேரம் ஆடிட்டர் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. "உங்கள் கணக்கில் 10,000 ரூபாய் எடுக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். போனதும் "ஐயோ, நான் எடுக்கலையே" என்று அலறிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்தான். 9999999999-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் யார் அலறுவார்கள்?

மகாராஷ்டிரா திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. ஆரம்பத்தில் இருந்த 971 சிகிச்சைகளில் ஏறத்தாழ 130-ஐ அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டுமே என்று ஒதுக்கினார்கள். பணத்துக்காகக் கத்தி எடுக்கும் ஆசை அங்கே குறைவு. வாசலில் நின்று கைரேகை பார்ப்பதைவிட இது நல்ல பூட்டு என்பேன். இல்லாவிட்டால் பொய் பில்லும் நிஜ பில்லும் ஒன்றாகச் சேர்ந்து அரசிடம் பாக்கி ஏறும். பாக்கி ஏறினால் ஆஸ்பத்திரிகள் கையை விரிக்கும். 2024-ல் பஞ்சாபிலும் 2025-ல் ஹரியானாவிலும் தனியார் ஆஸ்பத்திரிகள் பாக்கிக்காகச் சேவையை நிறுத்தியதைப் பார்த்தோம். கள்ள பில் போடுபவன் பாக்கியைத் தாங்குவான், ஒழுங்காக நடத்துபவன்தான் முதலில் வெளியேறுவான்.

இங்கே இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு தகவல். முன்பு மஞ்சள், ஆரஞ்சு ரேஷன் கார்டுக்குத்தான் இந்த வசதி. 2024 ஜூலையிலிருந்து வெள்ளைக் கார்டுக்கும் உண்டு, 5 லட்சம் வரை. மகாராஷ்டிரா ரேஷன் கார்டோ டொமிசைல் சர்டிபிகேட்டோ வேண்டும். டொமிசைலுக்குப் பதினைந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். ஊர் ரேஷன் கார்டோடு வேலைக்கு வந்திருப்பவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது. அவர்களுக்கு நாடு முழுவதும் செல்லும் இ.எஸ்.ஐ.யே மேல், காண்ட்ராக்டர் ஒழுங்காகக் கட்டினால்.

கார்டு எடுக்கும்போது உங்கள் சொந்த மொபைல் நம்பரைக் கொடுங்கள், ஏஜெண்ட் நம்பரை அல்ல. டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன சிகிச்சை என்று எழுதி, எவ்வளவு பில் போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பொருந்தவில்லை என்றால் ஆயுஷ்மான் உதவி எண் 14555, பைசா செலவில்லை.