குழாய் விழுங்கிய பாதிப் பாட்டு

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும், நீதான் எழுதணும் என்று மலர்க்குழு நண்பன் போன் செய்தபோது, "மச்சான், நான் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன். எனக்கு என்னடா வரலாறு தெரியும்?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சத எழுது" என்று போனை வைத்துவிட்டான். எனக்குத் தெரிந்தது ஒரு இசைத்தட்டுப் பெட்டியின் வரலாறு. அந்தப் பெட்டியைக் காலி செய்தவனும் அடியேன்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கல்லூரிப் பேருந்தில் வந்தவர்கள் எங்கள் கருவடிக்குப்பத்தை ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். சித்தானந்த சுவாமி கோயிலும் பாரதியார் உலவிய குயில் தோப்பும் ஊருக்குப் பெருமை. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்து, எங்கள் ஊர் மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார். அவருடைய வள்ளி திருமணத்தைப் போன்ற நாடகங்களில் பாடிப் பேர் வாங்கிய கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பிறகு இசைத்தட்டில் ஏறி வீடு வீடாகப் போனார்கள். ஆக, தட்டுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்று நானாகச் சொல்லிக்கொள்வேன்.

என் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டுகள். ஆடி மாதக் கூழ், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகம் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் பாட்டு. பெட்டியில் எச்.எம்.வி., இன்ரெகோ, பாலிடார், எக்கோ எல்லாம் இருந்தன. புதுச்சேரிக்கே உரிய விசேஷமும் அதில் உண்டு. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை பாரீசிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டிக்குள் இரண்டு எல்.பி. தட்டாவது இருக்கும். திரும்பிப் போகும்போது அவற்றைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போவாராம். அப்படித்தான் போனி எம் கருவடிக்குப்பத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கே கொஞ்சம் உலக வரலாறு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூசும் சேர்ந்து 1950-களில் பிறந்தது சோல். ரே சார்லஸ், அரீதா ஃபிராங்க்ளின் எல்லாம் அந்த வழி. 1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் மெலடியைச் சற்று ஒதுக்கிவைத்து, தாளத்தின் முதல் தட்டில் எல்லா வாத்தியத்தையும் ஓங்கி இறக்கினார். அது ஃபங்க். 1970-களில் நியூயார்க் நடனக் கூடங்களில் இதையே நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு, அதாவது வினாடிக்கு இரண்டு என்று பெரிய டிரம் இடைவிடாமல் அடிக்கும்படி நேராக்கினார்கள். அது டிஸ்கோ. பெயர் வந்தது பிரெஞ்சிலிருந்து. பிப்ளியோதெக் என்றால் புத்தகம் சேர்த்து வைக்கும் இடம். டிஸ்கோதெக் என்றால் தட்டு சேர்த்து வைக்கும் இடம். அந்தக் கணக்கில் பெரியப்பாவின் தகரப் பெட்டியும் ஒரு டிஸ்கோதெக்தான்!

இந்தச் சங்கிலி தமிழ் சினிமாவுக்கு வந்த வழி வேடிக்கையானது. 'சன்னி' என்ற பாட்டை 1966-இல் பாபி ஹெப் சோல் பாட்டாகப் பாடினார். பத்து வருஷம் கழித்து 1976-இல் ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் அதை போனி எம் குழுவுக்கு டிஸ்கோவாக்கினார். 1978-இல் 'பிரியா' வந்தது. அதன் 'டார்லிங்' பாட்டில் சன்னியின் சாயல் இருக்கிறது என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். எனக்கும் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் அதைத் தாண்டி இளையராஜா எங்கே கொண்டுபோகிறார் என்பதுதான் விஷயம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாட்டு என்ற பெயரும் பிரியாவுக்கு உண்டு. மறு வருஷம் எம்.எஸ்.வி.யின் 'நினைத்தாலே இனிக்கும்'. அதே 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோ பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ ஒழிக என்று தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே கருமாதி நடந்தபோது இங்கே அப்போதுதான் பந்தல்கால் நட்டிருந்தோம். 1980-இல் 'குர்பானி', 1982-இல் 'டிஸ்கோ டான்சர்', நம் பக்கம் 'சகலகலா வல்லவன்' என்று அது வளர்ந்தது.

பிறகு கேசட் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் தட்டு அச்சடிப்பதே நின்றுபோனது. பெரியப்பாவின் பெட்டி பரணுக்கு ஏறியது.

2006-இல் நான் முதலாண்டு. என்ஜினீயரிங் டிராயிங் வகுப்புக்கு டிராஃப்டர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது, கையில் காசில்லை. பரணைக் காலி செய் என்றார்கள். பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் தட்டை வளைத்துப் பார்த்து, பிளாஸ்டிக் என்று கிலோ எட்டு ரூபாய் போட்டார். பதினாலு கிலோ, நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டால், அந்த வயசில் நிச்சயமில்லை.

2014-இல் வேலை நிமித்தம் பாரீசில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கிய கடை, பழைய சோல், ஃபங்க், டிஸ்கோ ஆல்பங்களை மறுபடி அச்சடித்து வரும் தட்டுகளை விற்கும் கடை. வரிசையைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பெயரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இளையராஜா! ஆல்பத்தின் பெயர் 'சொல்ல சொல்ல'. மான்செஸ்டரின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற சிறிய நிறுவனம் எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. விலை 24 யூரோ, அப்போதைய கணக்கில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய். ஒரு தட்டின் விலைக்குப் பெரியப்பாவின் பெட்டி பதினேழு வரும்.

பக்கத்து அடுக்கில் இன்னும் இந்தியர்கள் இருந்தார்கள். பம்பாய் சினிமா கிட்டார் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்துப் போட்ட ஆல்பம் அன்று ஓடவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்ததும் ஐரோப்பா அசந்துபோனது. ஆஷா புத்லி 1976-இல் பாடிய ஆல்பத்தின் ஒரு துண்டு 1997-இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ராப் பாட்டுக்குள் போயிருந்தது. கல்கத்தாவின் ரூபா 1982-இல் வெளியிட்ட 'டிஸ்கோ ஜாஸ்' கதை இன்னும் உருக்கம். அந்த அம்மா பாடியதையே ஊர் மறந்துவிட்டது. பழைய தட்டை வெளிநாட்டில் ஆள் தேடி வாங்குகிறார்கள் என்பதை மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னார். 2019-இல் சிகாகோவின் நியூமரோ நிறுவனம் மறுபதிப்பு போட்டது. தட்டுக்கு வெடி வைத்த அதே சிகாகோ.

அன்று கடைக்காரர் ஹெட்போனைக் கொடுத்து ஊசியை வைத்தார். நான் நூறு முறை கேட்ட பாட்டு. ஆனால் இதற்குமுன் கேட்டதே இல்லை என்று தோன்றியது. கீழே ஒரு பேஸ் கிட்டார் தனியாக வேறொரு கதை சொல்லிக்கொண்டு போகிறது.

காரணம் சாதாரண இயற்பியல். கூம்புக் குழாய் சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலியைச் சரியாகத் தள்ளாது. அதற்குக் குழாயின் நீளமும் வாயும் போதாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியோ 41 ஹெர்ட்ஸ். பெரிய டிரம்மின் அடியும் நூறுக்குக் கீழே. மேல் சுரங்களை வைத்துக் காது குத்துமதிப்பாகக் கீழ்ச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டிஸ்கோவுக்கு உயிரே அந்த அடித்தளம். எங்கள் ஊர்க் கோயில் மரத்தில் கட்டிய குழாயில் அது போய், 'ச்சிக் ச்சிக்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. இளையராஜா குழுவில் பேஸ் வாசித்த சசிதரன், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் ஆகியோரின் பாதி உழைப்பைக் குழாய் விழுங்கிவிட்டது. தட்டில் எல்லாம் பதிவாகித்தான் இருந்தது. இன்னும் சொன்னால், தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டி, போடும்போது ஆம்ப்ளிபையர் அதைத் திரும்ப உயர்த்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பள்ளம் அகலமாகிப் பக்கத்துப் பள்ளத்தில் ஊசி குதிக்காமலிருக்க அப்படி.

மறுபதிப்பு எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். மூல காந்த நாடா கிடைத்தால் பாக்கியம். நம் கடலோர ஈரத்திலும் வெயிலிலும் நாடாவின் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும். விலை அதிகம் என்று அழித்துவிட்டு வேறு பதிவு செய்வதும் உண்டு. நாடா இல்லையென்றால் கீறல் இல்லாத ஒரு பழைய தட்டைத் தேடிப் பிடித்து, கழுவி, ஓடவிட்டு, கணினியில் ஏற்றி, பொரிச்சலை நீக்கி, அதிலிருந்து புதிய தட்டு வெட்டுவார்கள். அதற்காகத்தான் சேகரிப்பாளர்கள் பம்பாய் சோர் பஜாரிலும் டெல்லியிலும் அலைகிறார்கள். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது எத்தனை தட்டு போனதோ! ஆக, யாரோ ஒருவர் பரணில் கீறாமல் வைத்திருந்த தட்டுதான் சில சமயம் அந்தப் பாட்டின் கடைசிப் பிரதி. அதை நான் எடைக்குப் போட்டேன்.

உரிமைச் சிக்கல் தனி. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 ஆண்டு காப்புரிமை. 1978-இல் வந்த தட்டு 2038 முடியும்வரை ஒருவருக்குச் சொந்தம். யாருக்கு என்பதில்தான் வழக்கு: தயாரிப்பாளரா, தட்டு நிறுவனமா, இசையமைப்பாளரா? இளையராஜா தொடர்ந்த வழக்கில் 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, அதற்கு மேல்முறையீடும் போனது. பிளாக் ஐடு பீஸ் குழு 'ஸ்ரீ ராகவேந்திரர்' பாட்டை எடுத்து 2003-இல் 'எலிபங்க்' ஆல்பத்தில் சேர்த்ததைக் கேட்டு நாம் கைதட்டினோம். வாசித்தவர்களுக்கு அதில் என்ன போய்ச் சேர்ந்தது என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை.

தட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஒரு பிளேயரும் நல்ல ஸ்பீக்கர் இரண்டும் இரவல் வாங்கி, பெரியப்பாவை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவருக்கு அப்போது எழுபத்தாறு. முதல் பாட்டு முடியும்வரை அசையவில்லை. "இன்னாடா இது, அடியில இவ்ளோ இருந்திருக்குது! நான் ஆயிரம் வாட்டி போட்டிருப்பேன், எனக்கே தெரியாம போச்சே" என்றார். பிறகு, "அந்தப் பெட்டி இருந்தா எல்லாத்தையும் இப்டி கேட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. டிராஃப்டர் விஷயத்தை அன்றுதான் அவரிடம் சொன்னேன். "தெரியும்டா, படிச்சியே, போதும்" என்றுவிட்டு அடுத்த பக்கத்தைப் போடச் சொன்னார்.

2019-இல் பெரியப்பா காலமானார். போன வருஷம் அவருடைய பழைய பிளேயரைத் துடைக்க மூடியைத் திறந்தபோது, உள்ளே திருகாணி போட்டிருந்த பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன தட்டு, நாற்பத்தைந்து சுற்று. லேபிள் முழுதும் தேய்ந்துவிட்டது, என்ன படம் என்றே தெரியவில்லை. பள்ளங்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஊசிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். சங்கமத்துக்குப் பிளேயரோடு வருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது இருந்தால் எடைக்குப் போடாமல் எடுத்து வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.