அரசாணையும் ஆங்கில நாட்டுக் குருமாரும்

ஆங்கில நாட்டின் சமயம் 1534-ஆம் ஆண்டு முதல் 1559-ஆம் ஆண்டு வரையுள்ள கால் நூற்றாண்டில் நான்கு முறை திரும்பிற்று. எட்டாம் ஹென்றி மன்னர் உரோமைப் போப்பாண்டவரின் தலைமையை விலக்கித் தாமே திருச்சபைக்குத் தலைவராயினர். அவர் மகனார் ஆறாம் எட்வர்டு காலத்திற் பழைய பூசையும் திருவுருவங்களும் ஒழிக்கப்பட்டன. 1553-இல் அரசெய்திய மேரி அவற்றை மீட்டனர். எலிசபெத்து அரசியார் மீண்டும் அகற்றினர். மறுத்துத் தீக்கும் கொலைக்கும் இரையானோர் இரு திறத்தும் உளர். ஆயினும் ஊர்க்குருமாருள் மிகப் பெரும்பாலார், நேற்று மெய்யென்று ஓதியதனை இன்று பொய்யென்று ஓதித் தம் இடத்திலேயே இருந்தனர்.

மேற்றிராணிமார் செய்தி வேறு. 1559-இல் அரசியாரின் தலைமைக்கு உடன்படுமாறு கேட்கப்பட்டபொழுது, இங்கிலாந்து வேல்ஸ் நாடுகளில் அப்பதவியிலிருந்தோருள் லாண்டாப் மேற்றிராணியார் அந்தோணி கிச்சின் ஒருவரே நிலைத்தார், ஏனையோர் பதவியிழந்தனர். கிச்சின் அரசர் நால்வர்க்கும் இசைந்து 1563-இற் பதவியிலேயே இறந்தார். பதவியிழந்தோருள் டன்ஸ்டால், பானர் முதலியோரோ முன்னர் ஹென்றியின் தலைமைக்கு உடன்பட்டவரே. ஒருமுறை வளைந்தவர் என்றும் வளைவரென்று கொள்ளுதல் பொருந்தாதென்பது இதனாற் பெறப்படும்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆண்ட்ரூ பெர்ன் என்பவர் இருந்தார். புரொட்டஸ்டாண்டுப் பேராசிரியராகிய மார்ட்டின் பூசர் 1551-இலும், பால் பாகியுஸ் 1549-இலும் அந்நகரில் இறந்து அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். 1557-இல் மேரியின் ஆட்சியில், இறந்துபோன அவ்விருவரும் பதிதரென்று தீர்ப்புப் பெற்றனர். அவர் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டுப் பேழையோடு தூணிற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கடைத்தெருவில் நூல்களுடன் எரிக்கப்பட்டன. சர்வகலாசாலையின் துணைத் தலைவராயிருந்த பெர்ன் அவர்களைப் பழித்துப் பிரசங்கம் செய்தார். மூன்றாண்டு கழிந்து 1560-இல் அவ்விருவர்க்கும் பழைய மதிப்பை மீட்டளிக்கச் சர்வகலாசாலை முடிவு செய்தபொழுது, துணைத் தலைவராயிருந்தவரும் அதே பெர்னே.

மாணாக்கர் சும்மா இருப்பரோ? அவர் பெயரினின்று ‘திரும்புதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல் ஒன்றைப் படைத்துக்கொண்டனர்; புறத்தை அகமாகத் திருப்பித் தைத்த மேலங்கியைப் ‘பெர்ன் செய்யப்பட்டது’ என்றனர். ஒரு கோயிலின் மேலிருந்த காற்றுத் திசைகாட்டியிலுள்ள எழுத்துக்களுக்கு, ஆண்ட்ரூ பெர்ன் போப்பு மதத்தவர், ஆண்ட்ரூ பெர்ன் புரொட்டஸ்டாண்டு எனவும் பொருள் கூறி நகைத்தனர்.

நகைப்பு நியாயமே. செத்தவர் எலும்பைப் பழித்த வாய் மூன்றாண்டில் அதற்கு மதிப்பளித்தது எவ்வாற்றானும் ஒப்பத்தக்கதன்று. எனினும் மேரியின் காலத்தில், பீட்டர்ஹவுஸ் என்னும் தம் கல்லூரியிலிருந்த சீர்திருத்தக் கொள்கையினராகிய ஜான் விட்கிப்டு என்னும் இளைஞரைத் துன்பத்தினின்று காத்தவரும் இப்பெர்னே. விட்கிப்டு 1583-இற் கான்டர்பரித் தலைமைக் குருவாயினர். 1589-இற் பெர்னின் உயிர் பிரிந்தது அவர் மாளிகையிலேயாம். தாம் ஈட்டிய பெரு நூலகத்தையும் பெர்ன் கல்லூரிக்கே வைத்துச் சென்றார்.

பெர்ன் பேரறிஞர், டெவன் நாட்டு மோர்பாத் என்னும் சிற்றூரின் குருவாகிய கிறிஸ்டபர் டிரிக்கியோ முப்பத்துச் சொச்சம் குடிகளுக்கு மட்டும் குருவாயிருந்தவர். 1520 முதல் 1574 வரை, ஐம்பத்துநான்கு ஆண்டு, அவரே அவ்வூர்க் கோயிற் கணக்கை எழுதினார். புனிதர் திருவுருவங்களின்முன் எரியும் விளக்குகளுக்காக ஊரார் ஆடுகளை வளர்த்துவந்தனர். சிவாலயக் கல்வெட்டுக்களைப் பயின்றார்க்கு இவ்வழக்கம் புதிதன்று. இறந்தார் வழிபாட்டிற்குரிய கருநிற ஆடைக்காக அவர் இருபது ஆண்டளவும் பணம் சேர்த்து 1547-இல் வாங்கினார். இரண்டாண்டிற்குள் அவ்வழிபாடே சட்டத்தால் விலக்கப்பட்டது. 1549-இல் அந்நாட்டார் புதிய வழிபாட்டை எதிர்த்துக் கிளர்ந்தபொழுது, மோர்பாத் ஊரார் தம் இளைஞர் ஐவரை எக்ஸிட்டர் நகர்ப்புறத்துப் பாசறைக்கு அனுப்பினர், கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. மேரியின் காலத்தில், ஊரார் தம் வீடுகளில் மறைத்துவைத்திருந்த கோயிற் பொருள்களைக் கொணர்ந்து கொடுத்தபொழுது அவர் கொண்ட மகிழ்ச்சி அக்கணக்கேட்டிலேயே புலனாகும்.

இத்துணை ஈடுபாடுடையவரும் எலிசபெத்து அரசியாரின் காலத்திற் பணிந்தார். அவர் விலகியிருப்பின் வேறொருவர் வந்திருப்பர். அவ்வூரில் எவரெவர் எதனைக் கொடுத்தார், எதனைக் காத்தார் என்பதை அறிந்தவர் இலராயிருப்பர். பெர்னையும் இவரையும் ஒரே சொல்லாற் சுட்டுதல் பொருந்தாது. புதிய வழிபாட்டு நூலை ஓதிக்கொண்டே, பழைய எழுத்தினாலேயே கணக்கை வரைந்து, 1574-இல் இறக்குந்துணையும் அவர் மோர்பாத்தை விட்டகன்றிலர்.