ஒரு டாக்டர் பேரில் மூன்று ஆமைகள்

நாஞ்சில் நாட்டுக் குளத்திலும் வயல் வாய்க்காலிலும் அகப்படுகிற பாலாமையைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போய், அதன் பெரிய சொந்தக்காரனான லீத் மெல்லோட்டு ஆமையில் வந்து நின்றேன். காவிரி, கிருஷ்ணா ஆறுகளில் இருக்கிற ஆமை. 1872-ல் ஜான் எட்வர்ட் கிரே அதற்கு டிரையோனிக்ஸ் லீத்தி என்று பேர் வைத்தார். யாரப்பா இந்த லீத் என்று தேடினால், பம்பாயில் இருந்த டாக்டர் ஆண்ட்ரூ லீத். அவர் பேரில் இன்னும் இரண்டு ஆமை! அதில் ஒன்று கல்.

கல்லாமை கிடைத்தது பம்பாய் வொர்லியில். தக்காணத்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய் உறைந்தபோது இடையில் தங்கிய நன்னீர்ச் சேற்றில் புதைந்தது. வயசு ஆறு கோடி ஆண்டுக்கு மேல். குட்டித் தவளைகளும் அதே படிவில் கிடைத்தன. ஹென்றி ஜான் கார்ட்டர் (இவரும் ராணுவ டாக்டர்தான்) 1852-ல் அதை டெஸ்டுடோ லீத்தி என்று எழுதினார்.

1869-ல் லண்டனில் குந்தர் ஒரு சின்ன நிலத்தாமைக்கும் டெஸ்டுடோ லீத்தி என்றே பேர் வைத்துவிட்டார். இங்கேதான் சிக்கல். ஒரே பேரினத்துக்குள் ஒரே பேரை இரண்டு உயிருக்கு வைக்கக்கூடாது; முந்தினவருக்கே உரிமை. கல்லாமையைப் பிறகு வேறு பேரினத்துக்கு மாற்றினாலும், பிந்தின பேர் செத்தது செத்ததுதான். அப்படித்தான் நடந்தது. 1871-லேயே கிரே கல்லாமையை ஹைட்ராஸ்பிஸுக்கு மாற்றிவிட்டார், ஆனாலும் குந்தரின் ஆமைக்குப் பேர் திரும்பவில்லை. இன்று அது 1883-ல் லோர்டே வைத்த டெஸ்டுடோ கிளைன்மன்னி, எகிப்து ஆமை.

கிரே செய்த மாற்றம் இன்னொரு வம்பையும் இழுத்தது. ஹைட்ராஸ்பிஸ் தென் அமெரிக்கப் பக்கக்கழுத்து ஆமைகளின் பேர். தலையை உள்ளே இழுக்காமல் பக்கவாட்டில் மடக்கி வைக்கிற வகை. இந்தியாவில் இன்று ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்துக்கு உயிரோடு இருக்கிற சொந்தங்கள் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான். பம்பாய்க் கல்லுக்கு அந்தப் பேர் ஒட்டியதால், அந்தக் குடும்பமே ஒரு காலத்தில் இந்தியாவிலும் பரவியிருந்தது என்று ஆகிவிட்டது. பேரை வைத்துக் கண்டங்களின் கதை எழுதினால் இதுதான் கதி. 1953-ல் ஹார்வர்டின் எர்னஸ்ட் வில்லியம்ஸ் மறுபடி ஆராய்ந்து, பக்கக்கழுத்து சரி, குடும்பம் தப்பு, இது ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்து பெலோமெடுசிட் வகை என்றார். கார்ட்டரின் பேரால் புதுப் பேரினமும் வைத்தார். இப்போது கல்லாமை கார்ட்டரெமிஸ் லீத்தி, இரண்டு டாக்டரும் ஒரே பேரில்.

காவிரி ஆமைக்கு இந்த வில்லங்கம் இல்லை. அது டெஸ்டுடோவாகப் பிறக்கவில்லை. டிரையோனிக்ஸ் போய் அஸ்பிடெரெட்டஸ் ஆகி இப்போது நில்சோனியா. லீத்தி மட்டும் மாறவே இல்லை.