உடற்தகைமை

உன்னிச்சைக் குளத்து வாய்க்காலோரம் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு, கணக்கியல் கற்ற என் ஒன்றுவிட்ட தங்கை நீட்டிய வேலை விளம்பரத்தில், கல்வித் தகைமைக்கு அடுத்த வரியில் ‘உடற்தகைமை’ என்றிருந்தது. தகு என்னும் அடியிற் பிறந்த தகுதி, தகைமை, தகவு யாவும் ஏற்புடைமையைக் குறிப்பன. ஆயினும் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தைத் தொடங்குகையில் வள்ளுவர் தகுதி என்றது பட்சபாதமின்மையையே என்பது பரிமேலழகர் உரை. தேர்பவரிடம் இருக்கவேண்டிய குணம், காலக்கிரமத்தில், தேரப்படுபவளின் சரீரத்தின்மேல் ஏறிக்கொண்டது விபரீதந்தான். இலங்கை அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 வீதத்தை அங்கவீனருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தும், பேரேடு எழுதும் கைக்காரியின் காலைத்தானே பார்க்கிறார்கள்! ‘பணித்திறன்’ என்றெழுதினால் பொருள் நேர்படும். பழகிய சொல்லைக் கைவிடக் காரியாலயங்கள் இலேசில் இசையா. அவளோ வயது வரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.