பருத்திக்கொட்டை வழியே வந்த மரபணு

நான் படிப்பது பி.காம். ஆனாலும் இன்றைக்கு ஒரு விதையின் வரலாறு.

போன லீவுக்கு எங்கள் ஊர் திருமழபாடிக்குப் போயிருந்தேன். டி.வி.யில் மரபணு மாற்றுக் கடுகு பற்றிய செய்தி ஓடியது. "அந்தக் கருமத்தையெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள விடமாட்டேன்டா" என்றார் அம்மா. அப்போது அவர் மாட்டுக்கு ஊற வைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? கடையில் வாங்கிய பருத்திக்கொட்டை! சிரிப்பு வந்தது. பிறகு யோசனையும் வந்தது.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரை. நெல், கரும்பு. வடக்கே பெரம்பலூர் பக்கம் போனால் கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும்தான். அந்தப் பருத்தியில் என்ன இருக்கிறது?

மண்ணில் வாழும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திச் செடிக்குள் வைத்ததுதான் பி.டி. பருத்தி. அந்தச் செடியைத் தின்னும் காய்ப்புழு செத்துப்போகும். 2002 மார்ச்சில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு அனுமதி கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், 2001-லேயே குஜராத் வயல்களில் அனுமதி இல்லாத பி.டி. பருத்தி விளைந்து நின்றது!

நன்மை இல்லையா? இருக்கிறது. 2002-03-ல் சுமார் 136 லட்சம் பேல் ஆக இருந்த நாட்டின் பருத்தி உற்பத்தி, 2013-14-ல் 398 லட்சம் பேலை எட்டியது. பாசனமும் புதிய வீரிய ரகங்களும் இதில் பங்கு கேட்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காமர்ஸ் மாணவன் என்பதால் விலையையும் பார்த்தேன். ஆரம்பத்தில் 450 கிராம் விதைப் பாக்கெட் சுமார் 1,600 ரூபாய். ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகு, 2006-ல் 750 ரூபாய்க்கு இறங்கியது. வீரிய ஒட்டு விதை என்பதால் வருடா வருடம் வாங்கியே தீர வேண்டும். புழுவும் சும்மா இருக்கவில்லை. முதல் தலைமுறை பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்த்து நிற்கிறது என்று 2010-ல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது.

அடுத்து கத்தரிக்காய். மஹிகோ நிறுவனத்தோடு சேர்ந்து, கோவையில் உள்ள நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பி.டி. கத்தரியை உருவாக்கியது. கோ 2, எம்.டி.யூ 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 என்று நம்மூர் ரகங்கள். இவை வீரிய ஒட்டு அல்ல. விதையை எடுத்து வைத்து அடுத்த வருடம் விதைக்கலாம். சொத்தைக் கத்தரிக்காய்க்குப் பயந்து திரும்பத் திரும்ப மருந்தடிக்கும் விவசாயிக்கு அந்தச் செலவும் குறைந்திருக்கும்.

2009 அக்டோபர் 14-ல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு கிளம்பியது. நம்மாழ்வார் போன்றவர்கள் தமிழ்நாடு முழுக்கப் பேசினார்கள். மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். (அதில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை!) நீண்டகாலப் பாதுகாப்பு பற்றிச் சுயேச்சையான ஆய்வு வேண்டும் என்று 2010 பிப்ரவரி 9-ல் தடை போட்டார். அதே பி.டி. கத்தரியை 2013-ல் வங்கதேசம் அனுமதித்தது. 2019-ல் ஹரியானாவில் அனுமதியில்லாமல் விளைந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பருத்தியின் கதையேதான்!

கடுகுக்கு 2022 அக்டோபரில் ஒப்புதல் குழு பரிந்துரை கொடுத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள்.

இப்போது அம்மாவின் பருத்திக்கொட்டைக்கு வருகிறேன். பருத்தி என்றால் வேட்டி, சேலை மட்டும்தானா? கொட்டையில் சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மதுரைப் பக்கம் பருத்திப்பாலே குடிக்கிறோம். நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி.தான். ஆக, கத்தரிக்காயை வாசலில் நிறுத்திவிட்டு, பருத்திக்கொட்டையைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுவிட்டோம்!

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. பி.டி. புரதம் வேலை செய்வது புழுவின் காரத்தன்மையுள்ள குடலில். நம் வயிற்றில் இருப்பது அமிலம். பால் குடித்த எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. (இது நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும்.)

என் வருத்தம் வேறு. கத்தரிக்காய்க்கு மக்களைக் கேட்டார்கள். பருத்தியைத் துணி என்று நினைத்ததால் சாப்பிடுகிறவனை யாரும் கேட்கவில்லை. ஜி.எம். உணவுப் பொட்டலத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2013-ல் விதி வந்தது. சாக்கிலிருந்து அள்ளிப் போடும் கொட்டைக்கு ஏது லேபிள்?

வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அவரவர் உரிமை. ஆனால் எது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொட்டையை ஒரு நிமிடம் பார்த்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கானது அல்ல நண்பர்களே!