ஒட்டாத பிளாஸ்டிக்கும் அரியலூர் சூளையும்

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குள் போகிற லாரிகளில் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தால் தப்பு. தமிழ்நாட்டின் பல நகராட்சிகளும் மாநகராட்சிகளும் கட்டி அனுப்புகிற பிளாஸ்டிக் மூட்டைகளும் அங்கேதான் போகின்றன. பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்காத பிளாஸ்டிக் அது. ஏன் வாங்குவதில்லை? எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கி ஒரு வாளி செய்துவிட முடியாதா?

முடியாது. காரணம் 1940களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பால் ஃப்ளோரி, மாரிஸ் ஹக்கின்ஸ் என்ற இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு அது. (ஃப்ளோரிக்கு 1974-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.) கெமிஸ்ட்ரி என்றாலே ஓடுகிறவர்களுக்காகச் சுருக்கமாக: தண்ணீரும் ஸ்பிரிட்டும் சின்னச் சின்ன மூலக்கூறுகள், அதனால் சுலபமாகக் கலக்கும். பிளாஸ்டிக் மூலக்கூறோ நீண்ட நூல் மாதிரி. இரண்டு வகை நூல்களைக் கலப்பதில் இயற்கைக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொன்றும் தன் இனத்தோடு ஒதுங்கிக்கொள்ளும்.

பால் கவர் பாலித்தீன். பிளாஸ்டிக் சாக்கு பாலிபுரோப்பிலீன். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உருக்கிக் கலந்தால் ரசத்தில் எண்ணெய் மிதப்பது போல ஒன்றுக்குள் இன்னொன்று திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். ஆறி இறுகிய பிறகு அந்தத் திட்டுகளின் ஓரம்தான் பலவீனமான இடம். தனிப் பாலித்தீனை இழுத்தால் பல மடங்கு நீளும். கலவையைக் கொஞ்சம் இழுத்தாலே அந்த ஓரத்தில் விரிசல் விட்டு அறுந்துவிடும். கீழே போட்டால் உடையும். தாங்கும் சுமை ரொம்பக் குறையாமல்கூட இருக்கலாம். போவது நீளும் தன்மையும் அடி தாங்கும் தன்மையும்தான். வாளிக்கு இரண்டும் வேண்டும்.

இதோடு சூட்டுப் பிரச்சனை வேறு. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் உருக சுமார் 250 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமில வாயுவைக் கக்க ஆரம்பித்துவிடும். ஒரு துண்டு பைப் கலந்தாலும் மொத்தமும் கெட்டது.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. எண்ணெயையும் தண்ணீரையும் சோப்பு சேர்த்து வைப்பது போல, இரண்டு பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும் சேர்மானங்கள் உண்டு. 2017-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கோட்ஸ், ஃபிராங்க் பேட்ஸ் குழுவினர் செய்த ஒன்று, ஒரு சதவீத அளவு சேர்த்தாலே பாலித்தீன் - பாலிபுரோப்பிலீன் கலவையை நன்றாக நீளவைத்தது. ஆனால் அது அந்த ஜோடிக்கான மருந்து. குப்பை வண்டியில் இன்றைக்கு வரும் கலவை நாளைக்கு வராதே!

மதுரைக்காரர் ஒருவர் வேறு வழியில் போனார். தியாகராஜர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய பூச்சாகப் படியும். அதற்கப்புறம்தான் தார். சுமையைத் தாங்குவது கல். பிளாஸ்டிக்கின் வேலை, தாரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பது மட்டுமே. நீள வேண்டியதில்லை, அதனால் கலப்படமும் பெரிய குற்றமில்லை. பிவிசி மட்டும் இங்கேயும் கூடாது. 2002-ல் சாலைகளில் சோதனை, 2006-ல் காப்புரிமை, 2013-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி, 2018-ல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ.

சாலைக்கும் ஆகாததற்குத்தான் அரியலூர். டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இந்த ஊருக்கு ஆலைகளைக் கொண்டு வந்தது. அரசின் டான்செம் ஆலை 1979-ல் உற்பத்தியைத் தொடங்கியது, பெரிய தனியார் ஆலைகளும் வந்தன. அப்போது இதெல்லாம் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டமானது, 2007-ல் அரியலூர் தனியாகப் பிரிந்தது. சிமெண்ட் சூளைக்குள் 1450 டிகிரி. அங்கே போகும் பிளாஸ்டிக்கிடம் பலமா, நீளுமா என்று யாரும் கேட்பதில்லை. எரிந்தால் போதும், நிலக்கரி மிச்சம். சாம்பலும் சிமெண்டுக்குள்ளேயே போய்விடும். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளும் மறுசுழற்சிக்கு ஆகாததைச் சாலைக்கோ எரிசக்திக்கோ பயன்படுத்தச் சொல்கின்றன. பிவிசி இங்கேயும் வில்லன்தான், அதன் குளோரின் சூளையின் உட்புறத்தில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

நகராட்சிக் கணக்கில் அந்த மூட்டை 'அகற்றப்பட்டது' என்று முடிந்துவிடுகிறது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது சொத்தை எழுதித் தள்ளுவது. தரம் பிரித்த பிளாஸ்டிக்கை மறுபடி பொருளாக்கி விற்கலாம். எரிப்பது ஒரே ஒரு முறைதான். சுரங்கப் பள்ளங்களையும் லாரிப் புழுதியையும் ஏற்கெனவே சுமக்கிற ஊருக்கு, மற்ற ஊர்க்காரர்கள் பிரிக்காமல் விட்டதும் சேர்ந்து வருகிறது.

அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்வது தூய்மைப் பணியாளர்களின் கைகள். பாட்டில் ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம். சிப்ஸ் பாக்கெட் வந்தால் மட்டும் கை நேராக எரிக்கும் மூட்டைக்குப் போகிறது. இரண்டு மூன்று பிளாஸ்டிக் படலங்களும் பளபளக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டியே பிறந்தது அது. அதைப் பிரிக்க எந்தக் கையாலும் முடியாது.